பதினொன்றாம் எண் பல்

சமாதானபுரத்தில், மாடியில், எங்கள் பல் லேப்.
பகலெல்லாம் இந்த உலைக்கு
அடுத்தவர் சிரிப்பைச் சுடுகிற வேலை.
ஏழு மணிக்குமேல் அது உன்னுடையது
என்று யாரும் சொல்லவில்லை,
நானாக வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக் களிமண் தபாலில் வந்தது.
ஏழு கிராம், ஒரு புளிப்பு மிட்டாய் அளவு,
விலை என் மூன்று நாள் சம்பளம்.
களிமண் என்கிறார்கள், மண் கிடையாது அதில்.
வெள்ளித் தூள், தண்ணீர்,
எரிந்துபோவதற்கென்றே சேர்த்த ஒரு பசை.
உள்ளங்கையில் எண்ணெய் தடவி உருட்டினால்
சீடை மாவுபோல் சொன்னபடி கேட்கும்.
ஆனால் இது ஆனி மாதம்.
செங்கோட்டைக் கணவாயில் நுழைந்து வருகிற காற்றுக்கு
என் ஏழு கிராம் ஒரு பொருட்டா?
ஜன்னலைச் சாத்த மறந்த பத்து நிமிஷத்தில்
இலையின் நடு நரம்பில் விரிசல்.
தண்ணீர் தொட்டுப் பூசினேன். விரிந்தது.
மெழுகுக் கத்தியால் அடைத்தேன். விரிந்தது.
சவத்துக் காத்து.

செய்யதலி பாத்திமாவின் மண் வேறு ரகம்.
பாலிமர். பிளாஸ்டிக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை.
பத்து நாள் திறந்து கிடந்தாலும் காயாது,
டப்பாவில் போட்டால் டப்பாவை இளக்கும்.
மேலப்பாளையத்தில் அவள் கேக் சுடும் அடுப்பில்
நூற்று முப்பது டிகிரி, அரை மணி நேரம்.
(கேக்கும் கம்மலும் ஒரே நாளில் கூடாது,
மாமியார் போட்ட சட்டம்.)
அவளுடையது போட்ட அளவில் வெளியே வரும்,
என்னுடையது பத்தில் ஒன்று சுருங்கும்.
மோதிர விரலுக்குச் செய்ததைச்
சுண்டு விரலில் போட்டுக்கொண்டு திரிகிறேன்.
"ஒனக்கென்னட்டி, வச்சது வச்சபடி எடுக்கெ" என்றேன்.
"ஒனக்கு வெள்ளி வாய்ச்சிருக்கு, பேசாத" என்றாள்.

வெள்ளிக் கூட்டுக்குள் அவள் நிறம். அதுதான் திட்டம்.
முதலில் தொள்ளாயிரம் டிகிரி, பிறகு நூற்று முப்பது;
முறை மாறினால் அவள் பங்கு புகை.
செய்தோம்.
முருகன்குறிச்சி வேகத்தடையில்
ஸ்கூட்டர் ஏறி இறங்க
ஒரு கம்மல் தன் நீலத்தை உதிர்த்துவிட்டது.

ஒன்பது வருஷமாகப் பல் செய்கிறவள் நான்.
தோன்றியிருக்க வேண்டாமா?
குழிக்கு வாய் குறுகி வயிறு அகன்றால்தான்
அடைத்தது நிற்கும்,
பசையெல்லாம் இரண்டாம்பட்சம்.
அன்றிரவே பானை வயிற்றோடு நான்கு கூடு.
உலையைத் திறந்தால் சுண்ணாம்பு வெள்ளை.
பித்தளைத் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க
உள்ளேயிருந்து எழுந்து வந்தது வெள்ளி.
பின்பக்கம் என் கட்டைவிரல் ரேகை,
வரி பிசகாமல், ஒரு சுற்றுச் சிறியதாக.
எட்டு வயசு லீதியாள் தொட்டுவிட்டுப் போனதுபோல.

காலையில் அதே உலையில்
வள்ளியூர் வங்கி மேனேஜருக்கு ஒரு முன் பல்.
மேல் வரிசை, எண் பதினொன்று, நிறம் ஏ-இரண்டு.
வெளியே வந்தது
தெப்பக்குளப் படியில் வழுக்குகிற நிறத்தில்.
வெள்ளியின் ஆவி பீங்கானில் ஏறியிருக்கிறது.
ஆசீர் சார் அதை ட்யூப்லைட்டுக்குக் காட்டினார்.
திருப்பிக் காட்டினார்.
"இந்த உலையில என்னத்த வேவிச்ச?"
சொன்னேன்.
கம்மலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்,
எடையைக் கேட்டார்,
உலையின் உள்கூட்டுக்கு ஆன காசை
மூன்று மாதம் பிடிப்பதாகச் சொல்லி
கம்மலைத் திருப்பித் தந்தார்.
பல்லைக் குப்பைத் தட்டில் போட்டார்.

அதை எடுத்துக்கொண்டேன்.
எந்த வாய்க்கும் போகாத பல்.
ஒரு கொய்யாப்பழம்கூடக் கடித்ததில்லை.
நாலாவது கூட்டில் பாத்திமா
கறுப்பு பாலிமரில் மெத்தை போட்டு
அதில் அதைப் படுக்க வைத்தாள்.
கேக் அடுப்பில் எதைச் சுடுகிறோமென்று
மாமியாருக்கு இன்றுவரை தெரியாது.

புதுப் பல்லைக் கொண்டுபோய்க் கொடுக்கிற அன்று
அவள்தான் அதைச் சங்கிலியில் கோத்துப் போட்டுப் போனாள்.
வள்ளியூர் டாக்டர் கேஸ் பெட்டியில் கையெழுத்துப் போட்டவர்
பேனாவை மூடாமல் கேட்டாராம்:
"நல்லாருக்கே, என்ன கல்லு?"

"தெரியல டாக்டர்" என்றாளாம்.
"லேப்ல கேட்டுச் சொல்லுதேன்."